லெஃப்ட்ல சத்தம் கம்மி

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, சொந்த மாமாவைப் பற்றி இப்படியா எழுதுவது என்று உச்சுக்கொட்ட வேண்டாம். அவருக்கும் என்னைப் பிடிக்காது. இருபத்திரண்டு வருடமாக நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

மாமா ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தார். விளம்பரம், அறிவிப்பு, தொடர்களுக்குப் பின்னணிக் குரல் என்று எது வந்தாலும் கடைசியில் அவர் மேசைக்குத்தான் போகும். எந்தக் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும், எது இடது பக்கம், எது வலது பக்கம் என்று முடிவு செய்கிற நாற்காலி அவருடையது. கூடத்தில் அவரைத் 'தங்கக் காது' என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா சொல்லக் கூடாது, காது அப்படித்தான் இருந்தது. ஒரு முறை மாடியில் உட்கார்ந்துகொண்டே, கீழே ஓடுகிற மின்விசிறியில் பேரிங் போய்விட்டது என்றார். கழற்றிப் பார்த்தால் போயிருந்தது. குரல் கொடுக்க வந்தவர் வரிக்கு நடுவில் எச்சில் விழுங்கினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்பார். அவர் வாயிலிருந்து வரும் மரியாதையான பேச்சு அத்தோடு சரி. மற்றதெல்லாம் திட்டு.

எனக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பதில் ஆரம்பித்தேன். இப்போது வால்வு ஆம்ப்தான் பிழைப்பு. கண்ணாடிக் குப்பிக்குள் கம்பி சிவந்து எரியுமே, அந்த வால்வு. அதெல்லாம் ஒழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று எல்லோரும் நினைக்க, விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கியவர்கள் மட்டும் வால்வில் பாட்டுக் கேட்டால்தான் சாப்பாடு தொண்டையில் இறங்குகிறது என்கிறார்கள். பைத்தியங்கள். ஆனால் எனக்குச் சோறு போடுகிற பைத்தியங்கள், அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

நான் என் கையால் செய்த முதல் ஆம்ப்பை அக்கா வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. வீடு நிறைய ஆட்கள். மாமா ஹெட்போனை மாட்டிப் பத்து விநாடி கேட்டார். கழற்றினார்.

"உள்ள கொசு குடும்பம் நடத்துதா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். ஒரு மெல்லிய ரீங்காரம் இருந்தது உண்மை. எர்த் கம்பியைத் தப்பான இடத்தில் இணைத்துவிட்டேன், பத்து நிமிட வேலை அது. அதைச் சொல்ல யார் விட்டார்கள்? அன்றிலிருந்து நான் 'மெக்கானிக்கம்மா'. "மெக்கானிக்கம்மா வந்திருக்காங்க, மிக்ஸிய எடுத்து ஒளிச்சு வை" என்று ஒவ்வொரு முறையும் வாசலிலேயே வரவேற்பு. பிறகு கூடத்துக் கருவிகளைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்று முதலாளி தேடியபோது நான் விண்ணப்பித்தேன். "வீட்டாளுங்க வேணாம், மரியாதையா இருக்காது" என்று தடுத்தது இதே மாமாதான். அடுத்த மாதம் அந்த வேலையில் யார் உட்கார்ந்தார் தெரியுமா? அவருடைய சித்தப்பா மகன். என் வயிற்றெரிச்சலுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அவரைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் அதே கூடத்தில் ஒயர் சுமக்கிற ஆளாகச் சேர்ந்தவர் அவர். ஒரு நாள் இடது பிளக்கை வலதிலும் வலதை இடதிலும் சொருகிவிட்டார். நாற்பது வாத்தியக்காரர்கள் வாசித்து முடித்த பதிவு முழுக்கத் தலைமாறிப் போயிற்று. தலைமை ஒலிப்பதிவாளர் அந்த நாற்பது பேர் முன்னால் அவரைக் கன்னத்தில் அறைந்தார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் தொட்ட எந்தச் சாமானிலும் வலது பக்கத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். மேசைக்கு மேல் 'இடது இடதுதான், வலது வலதுதான்' என்று எழுதி ஒட்டியிருந்தார். ஒரு முறை அக்கா மகள் அவருடைய ஹெட்போனை விளையாட்டாக மாற்றி மாட்டிக்கொண்டாள். பெற்ற மகளிடம் இரண்டு நாள் பேசவில்லை மனுஷன்.

இப்படிப்பட்டவர் போன வருடம் ஒரு காலை நேரத்தில் என் கடைப் படியில் வந்து நின்றார். அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. கையில் மரப்பெட்டி, அதற்குள் அவருடைய ஹெட்போன்.

"நல்ல வால்வு ஆம்ப் ஒண்ணு வேணும்" என்றார். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொண்டார்.

விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினேன். ஒரே வாரத்தில் அவர் ஒலி கலந்து கொடுத்த மூன்று விளம்பரங்கள் திரும்பி வந்திருந்தன. எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று புகார். சோப்பு விளம்பரக்காரர், "பேசற பொண்ணு கார் ஜன்னலுக்கு வெளிய நின்னு பேசற மாதிரி இருக்கு" என்றாராம். முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: இரண்டு மாதம் பார்ப்பேன், இல்லையென்றால் நாற்காலியில் வேறு ஆள். மேசையில் இருக்கிற பழைய ஆம்ப்தான் காரணம் என்பது மாமாவின் கட்சி. அதில் இடது பக்கம் சத்தம் குறைகிறது, அதனால் ஏற்றி வைக்க வேண்டியிருக்கிறது. சொந்தமாக நல்ல ஆம்ப் ஒன்று கொண்டுபோய் வைத்து, அவர்கள் வாயை அடைக்க வேண்டும். முப்பத்து மூன்று வருட நாற்காலி அவருக்கு.

"எப்ப இருந்து மாமா இப்படி?"

"போன வாரம் ஒரு நாள் சளி புடிச்சு காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. அது போயிடுச்சு. அதுக்கப்புறம் பாத்தா இந்த சனியன்."

"உங்க ஹெட்போன் முந்நூறு ஓம். அதுக்கு அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இல்லாத வால்வு ஆம்ப் நல்லா பொருந்தும். குரல் கிட்ட வந்து..."

"எனக்கே பாடம் எடுக்காத. எடுத்து வை."

வைத்தேன். வால்வு சூடேற இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் கடையில் தூசி இருக்கிறது, நாற்காலி ஆடுகிறது, டீ ஆறிவிட்டது என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லி முடித்தார். பிறகு பேருந்துச் சத்தத்துக்கு நடுவில் கொஞ்சம் கேட்டார், தலையாட்டினார், தூக்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். "லெஃப்ட்ல சத்தம் கம்மி. குப்பைய தலையில கட்டிட்ட."

இந்தத் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. இடது வால்வைக் கழற்றி வலதில் போடு, வலதை இடதில் போடு. குறை கூடவே நகர்ந்தால் வால்வு கெட்டது. நகராவிட்டால் வேறெங்கோ கோளாறு. மாற்றினேன். குறை நகரவில்லை. "அப்ப ஆம்ப்பே குப்பை" என்றார். டிரான்ஸ்பார்மர் வைத்த இரண்டாவது ஆம்ப்பை எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாளில் அதுவும் திரும்பி வந்தது. அதே புகார்.

அன்றைக்குத்தான் மீட்டரை எடுத்தேன். இடது, வலது இரண்டு பக்கமும் அளந்தேன். மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. அவருடைய ஹெட்போனையே என் தலையில் மாட்டிக் கேட்டேன். நடு நெற்றியில் நின்று பாடினாள் பாட்டுக்காரி. ஹெட்போனும் சரி, ஆம்ப்பும் சரி. அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு இடது பக்கம், மேசை ஓரத்திலிருந்து ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. மாமா திரும்பி வலது பக்கம் தேடினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. குறை இருந்தது அவர் காதில்.

என் கடையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டை உண்டு. தேதி போட்டு, அளந்ததை எழுதி, ஆணியில் குத்தி வைப்பேன். அன்றும் எழுதினேன். இடது இவ்வளவு, வலது இவ்வளவு, ஆம்ப் சரி. அதற்குக் கீழே, 'காதுதான்' என்று ஒரு சொல்.

"மாமா, ஒரு தடவ காது டாக்டரப் பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மனுஷன் என் மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, "என்ன மெக்கானிக்கம்மா, கொசு புடிச்சாச்சா?" என்றார்.

"வேற ஒண்ணு பாக்கலாமா மாமா?" என்றேன்.

சொன்னால் நம்பியிருக்க மாட்டார், என்மேல்தான் பாய்ந்திருப்பார் என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டது அதற்காக இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தங்கக் காது ஓட்டை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். அவர் வரட்டும், போகட்டும், படி ஏறி இறங்கட்டும் என்று விட்டேன்.

வந்தார், போனார். வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்த மூன்றாவது ஆம்ப். எங்கிருந்தோ வரவழைத்த நாலாவது. விடாமல் வால்வு மாற்றினார். கரண்ட் கம்பி மாற்றினார். ஆம்ப்புக்கு அடியில் ரப்பர் வைத்தார், மரக்கட்டை வைத்தார். செய்யாத ஒன்று, ஹெட்போனை ஒரே ஒரு முறை திருப்பி மாட்டிப் பார்ப்பது. திருப்பினால் இடது வலதாகிவிடுமே! சின்னப் பிள்ளைகூட முதலில் செய்து பார்க்கிற காரியம் அது. அந்த அறை வாங்கிய கன்னம் அவரைச் செய்ய விடவில்லை.

ஆறாவது வாரம் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, அவர் வேல போயிடும் போல இருக்குடி. சரியா சாப்பிடறதில்ல. டிவிய அலற விடறார், கேட்டா என்மேல எரிஞ்சு விழறார். சாப்பிடறப்பகூட எனக்கு இந்தப் பக்கம் உக்காராத, அந்தப் பக்கம் வான்னு சொல்றார். நீயே உன் கையால ஒண்ணு செஞ்சு குடுடி. எனக்காக."

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன். அக்காவுக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். ஒருவனும் குறை சொல்ல முடியாத ஆம்ப் ஒன்றை முதலாளி முன்னால் அவர் மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டும், அதிலும் அவர் குறை சொல்லி அசிங்கப்பட வேண்டும். இதுதான் என் எண்ணம். இரண்டு வாரம் வேறு எந்த வேலையும் எடுக்கவில்லை. நூறு வால்வுகளைச் சோதித்து ஒன்றுபோல் வேலை செய்கிற இரண்டைப் பொறுக்கினேன். கடைசியில் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தாலும் ஹெட்போனில் என் மூச்சுதான் கேட்டது. நான் செய்ததிலேயே அதுதான் நல்ல ஆம்ப்.

கெடு முடிகிற அன்று காலை பத்து மணிக்குக் கூடத்துக்குப் போனேன். முதலாளி சுவரில் சாய்ந்து நின்றார். சோப்பு விளம்பரக்காரர் நாற்காலியில். சித்தப்பா மகன் ஒயரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். மாமா சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். ஆம்ப்பை வைத்தேன், சூடேறக் காத்திருந்தோம். அவர் ஹெட்போனை எடுத்து, சிவப்பு நூல் எந்தப் பக்கம் என்று பார்த்து, மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"லெஃப்ட்ல சத்தம் கம்மி" என்றார். பிறகு கத்தினார். "இவ செஞ்சா வேற எப்படி இருக்கும்? ரெண்டு மாசமா என்ன அலைக்கழிச்சிட்டு, கடைசி நாள்ல இந்த ஓட்டை டப்பாவக் கொண்டாந்து வச்சிருக்கா! இருபது வருஷமா சொல்றேன், இவளுக்கு மிக்ஸி ரிப்பேர்கூட ஒழுங்கா வராது! மெக்கானிக்காம், மெக்கானிக்!"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நேராகப் போனேன். அவர் தலையிலிருந்து ஹெட்போனை உருவினேன். திருப்பினேன். சிவப்பு நூல் இடது காதில் படும்படி அவர் தலையில் வைத்து அழுத்தினேன்.

"இப்ப கேளுங்க! எந்தப் பக்கம் கம்மி? சொல்லுங்க!"

அவர் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகக் கையை இறக்கி, அவரே ஹெட்போனைக் கழற்றி நேராக மாட்டினார். கேட்டார். மறுபடி திருப்பினார். கேட்டார். மறுபடி நேராக மாட்டினார். எத்தனை தடவை திருப்பினாலும் குறை அவருடைய இடது காதிலேயே நின்றது. அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, முப்பத்து மூன்று வருடம் அதே வேலைதான் பார்த்தவர். முதலாளி வெளியே போனார். அந்த அறையில் நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த சந்தோஷம் ஒரு நிமிடம் முழுசாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் காது டாக்டரிடம் போனோம். அக்கா கெஞ்சியதால் நானும் கூடப் போனேன். டாக்டரம்மா கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்தார். தாளில் வலது காதின் கோடு மேலே போயிற்று, இடது காதின் கோடு பாதியில் கீழே விழுந்துவிட்டது.

"எப்ப இருந்து?"

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. சளின்னு நெனச்சேன்."

"திடீர்னு ஒரு காது இப்படி மந்தமாகும். சளி இல்ல இது. உள்ள நரம்பு சம்பந்தப்பட்டது. முதல் ரெண்டு மூணு வாரத்துல வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருப்பேன். நிறைய பேருக்குத் திரும்பியிருக்கு. இப்ப..." என்று தாளை மடித்தார். "இருக்கறதக் காப்பாத்திக்கலாம்."

"ஐயோ, தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்போமே டாக்டர்" என்று அக்கா அழுதாள். நான் தரையில் பதித்திருந்த ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

நாற்காலி போயிற்று. முப்பத்து மூன்று வருடத்துக்காக முதலாளி அவரை வாசல் மேசையில் உட்கார வைத்தார். யார் யாருக்கு எந்த நேரம் கூடம் என்று எழுதி வைக்கிற வேலை. என் ஆம்ப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு அவருடைய ஹெட்போனும் வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஹெட்போனை எடுத்துப்போக மாமா வந்தார். காலை நேரம், கடையில் வேறு ஆள் இல்லை. நான் உள்ளே மரப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால், அவர் ஆணியிலிருந்து அட்டைகளைக் கழற்றி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அது எந்த அட்டை என்று தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"இந்தத் தேதியில சளி புடிச்சு பன்னெண்டு நாள்" என்றார். குரலில் கோபம் இல்லை.

"ஆமா."

"டாக்டர் மூணு வாரம்னு சொன்னாங்க."

"அது அப்ப எனக்குத் தெரியாது மாமா. சத்தியமா தெரியாது."

"காதுன்னு தெரியும்."

 அவர் வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

"தெரியும்" என்றேன்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அட்டைகளை அடுக்கிச் சரிபார்த்து, திரும்ப அதே ஆணியில் குத்தினார். மேசையில் இருந்த என் ஆம்ப்பை ஆன் செய்தார். இருபது நிமிடம் எந்தக் குறையும் சொல்லாமல், ஆடுகிற நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சிவப்பு நூல் பார்த்து ஹெட்போனை மாட்டி, ஒரு பாட்டை முழுசாகக் கேட்டார். கழற்றி மேசையில் வைத்தார்.

"கொசு இல்ல" என்றார். "நல்லா செஞ்சிருக்க. மீட்டரும் சரியாத்தான் பாத்திருக்க. உன் வேலையில ஒரு குறையும் இல்ல."

இருபத்திரண்டு வருடம் இதைத்தான் கேட்கக் காத்திருந்தேன். 

வாசல்வரை போனவர் திரும்பினார். "உங்க அக்காகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவளுக்கு இருக்கறது ஒரே தங்கச்சி."

"மாமா, ஹெட்போன்..."

"நீயே வச்சுக்கோ."

படி இறங்கும்போது இடது பக்கத்திலிருந்து வந்த சைக்கிள் மணி அவருக்குக் கேட்கவில்லை. சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார். மாமா தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே வந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஆம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சமமாகக் கேட்டது.